மீமிசற் கரையில் ஒரு வினா

பாடநூலில் பரிணாமம் என்பது ஓர் அதிகாரம். ஜீரணம் என்பது மற்றோர் அதிகாரம். இரண்டிற்கும் இடையே பக்கங்கள் பல. முன்னதை ஒரு பருவத்திலும் பின்னதை மறுபருவத்திலும் பயின்று, தேர்வும் எழுதி, பெற்ற மதிப்பெண்ணோடு இரண்டையும் மறந்துவிடும் நிலையில் நாங்கள் இருந்தோம். அவ்விரண்டு அதிகாரங்களும் ஒரே உடலைப் பற்றியவை என்பதும், ஓர் உயிரின் வாழ்வும் சாவும் அவற்றுள் அடங்கியிருக்கக்கூடும் என்பதும் எங்களுக்குத் தோன்றியதே இல்லை. அதனைத் தோன்றச் செய்தவர் பேராசிரியர் எவரும் அல்லர். மீமிசற் கரையில் அமர்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர். அவர் எங்களைக் கேட்ட வினா ஒன்றே. அதற்கு விடை தேடிய வரலாறே இக்கட்டுரை.

சென்ற மாசித் திங்களில் ஒரு சனிக்கிழமை, விலங்கியல் வகுப்பு மாணவராகிய நாங்கள் எழுவர், எம் ஆசிரியருடன் அறந்தாங்கியில் பேருந்து ஏறி, ஆவுடையார்கோயில் வழியாக மீமிசல் சென்றோம். கரையோர உயிர்களைக் கண்டு குறிப்பெழுதி வருவதே எங்கள் நோக்கம். ஆவுடையார்கோயில் திருப்பெருந்துறை என்னும் பெயரால் மாணிக்கவாசகரோடு தொடர்புடைய தலம். பேருந்து அவ்வூரைக் கடக்கும்போது எங்களுள் ஒருவர், திருவாசகத்தின் சிவபுராணப் பகுதியிலே புல் முதலாகப் பல பிறவிகள் வரிசையாகக் கூறப்பட்டிருப்பதை நினைவூட்டி, “டார்வின் சொன்னதை நம்மவர் முன்னரே சொல்லிவிட்டனர்” என்றார். ஆசிரியர் மறுக்கவும் இல்லை, உடன்படவும் இல்லை. “மாலையிற் பேசுவோம்” என்று மட்டும் கூறினார்.

மீமிசல் புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்கோடியிலே, கிழக்குக் கடற்கரைச் சாலையின்மேல் உள்ள ஊர். வடக்கே கோட்டைப்பட்டினம்; தெற்கே சென்றால் இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டி. ஊரை அடுத்து உப்பளங்களும் இறாற் பண்ணைகளும் உள்ளன. அங்குள்ள கடல் பாக்கு நீரிணையைச் சார்ந்த பாக்கு விரிகுடா. இலங்கைத் தீவு எதிரே அரணாக நிற்பதால், சென்னைக் கடற்கரையில் நாம் காணும் பேரலை இங்கு இல்லை; அமைதி நாட்களில் பெரியதோர் ஏரியைப் போலவே கிடக்கிறது. ஆழமும் மிகுதியன்று. வெகுதூரம் சென்றாலும் 15 மீட்டரைத் தாண்டுவது அரிது.

கரையெங்கும் பழுப்பு நிறமான இலைக்குவியல் ஒதுங்கிக் கிடந்தது. நாங்கள் அதனைப் ‘பாசி’ என்று குறிப்பேட்டில் எழுதினோம். ஆசிரியர் அவ்வெழுத்தை அடிக்கச் செய்தார். பாசிக்கு உண்மையான வேர் இல்லை, பூ இல்லை. இக்குவியலிலோ வேரும், மண்ணுள் ஓடும் கிழங்குத் தண்டும், நாடா போன்ற இலையும் இருந்தன. இது கடற்புல். நெல்லையும் கோரையையும் போலப் பூக்கும் இனத்தது. ஆனால் உப்புநீருள் மூழ்கியபடியே பூத்து, நீரின் வழியாகவே மகரந்தத்தைப் பரப்பிக் காய்ப்பது. இதன் முன்னோர் நிலத்திலே வாழ்ந்த பூண்டுகள் என்றும், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகட்கு முன் அவை கடலுக்குட் குடிபுகுந்தன என்றும் ஆசிரியர் கூறினார். அருகில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் இதைக் கேட்டுத் தலை நிமிர்ந்து, “நாங்கள் தாழை என்போம். ஆவுளியாவின் மேய்ச்சல் அதுதான்” என்றார்.

ஆவுளியா என்பது கடற்பசுவுக்கு இக்கரையார் வழங்கும் பெயர். ஏறத்தாழ 3 மீட்டர் நீளமும் 400 கிலோகிராம் எடையும் வரை வளரக்கூடிய, கடலிலே வாழும் பாலூட்டி அது. அவ்வுயிரை அவர் வாழ்நாளிற் பலமுறை கண்டவர். நாங்களோ படத்திலன்றிக் கண்டதில்லை. அன்றும் காணவில்லை, இன்றுவரையும் காணவில்லை.

முதியவர் எங்களைப் படகின் நிழலில் அமரச் செய்தார். அவர் கூறியதன் சுருக்கம் இது: சுமார் நாற்பது ஆண்டுகட்கு முன், இளமைப் பருவத்தில், அவர் மாலையிலே திருக்கை வலையைத் தாழைமேட்டின்மேல் விரித்துவிட்டுக் கரை திரும்பினார். விடியற்காலையில் வலையை இழுக்கச் சென்றபோது அதிற் பெரிய ஆவுளியா ஒன்று சிக்கி இறந்திருந்தது. மீன் இறந்ததுபோல அன்று, மூச்சடைத்து இறந்திருந்தது. அதன் மார்பிலே பால் கட்டியிருந்தது. சிறிது தொலைவில் அதன் கன்று நீர்மேல் மூக்கை நீட்டிச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்வுயிரைக் கொல்வதைத் தடுத்திருந்தது. எனினும் அச்செய்தி தம் செவிக்கு அக்காலத்தில் எட்டவில்லை என்றார். உடனிருந்தோர் இறைச்சியைப் பங்கிட்டுக்கொண்டனர். தம் பங்கை அவர் வாங்கவில்லை. கன்று என்னவாயிற்று என்பதும் தெரியவில்லை.

இதனைக் கூறிவிட்டுச் சற்று நேரம் வலையின் கண்ணையே நோக்கியிருந்த அவர், பின்வருமாறு வினவினார்:

“தம்பிமாரே, நீங்கள் உயிர்களைப் பற்றிப் படிக்கிறவர்கள். ஒன்று கேட்கிறேன். மீனைக் கடலிலே படைத்த ஆண்டவன் அதற்குச் செவுளைக் கொடுத்தான். ஆவுளியாவையும் கடலிலேதான் படைத்தான். அதற்கு மட்டும் செவுளைக் கொடாமல், மூச்சுக்கு மேலே வந்து வந்து போகும்படி ஏன் செய்தான்? செவுள் இருந்திருந்தால் அன்று என் வலையில் அது செத்திராதே.”

எங்களுள் முதன்மையான மாணவர் உடனே, “ஐயா, அது பாலூட்டி, பாலூட்டிகள் நுரையீரலால் மூச்சுவிடும்” என்றார். தேர்வுத் தாளிற் குறைவின்றி மதிப்பெண் பெறக்கூடிய விடை. முதியவர் புன்னகை செய்து, “அது அதன் பெயர், தம்பி. நான் காரணம் அல்லவா கேட்டேன்?” என்றார்.

நாங்கள் வாய் திறக்கவில்லை. ஒன்றன் பெயரைச் சொல்லிவிட்டால் அதனை விளக்கிவிட்டதாக எண்ணும் பழக்கம் எங்களிடம் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தோம். ஆசிரியரை நோக்கினோம். அவரும் விடை கூறாமல், “வினா உங்களைக் கேட்டது. விடையை அடுத்த மாதம் நீங்களே கொண்டுவந்து ஐயாவிடம் கூறுங்கள்” என்று சொல்லிவிட்டார். நண்பகலில் அம்முதியவர் வீட்டாரே எங்களுக்குச் சோறும் மீன்குழம்பும் முருங்கைக்கீரையும் இட்டு விருந்தோம்பினர். உண்ட சோறு உள்ளே சென்றது. வினாவோ தொண்டையிலேயே நின்றது.

கல்லூரி திரும்பியதும் நூலகத்தில் அமர்ந்தோம். முதலிற் கற்றது கடற்பசுவின் குலமுறை. பெயரிற் பசு என்று இருப்பினும், அது பசுவுக்கு அணிய உறவன்று. மீனுக்கும் திமிங்கிலத்துக்குங்கூட அன்று. இன்று வாழும் பெரிய விலங்குகளுள் அதற்கு மிக நெருங்கிய உறவு யானை. ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகட்கு முன் நிலத்தில் வாழ்ந்த ஒரே முன்னோரிடமிருந்து இரு கிளைகளும் பிரிந்தன. எலும்புகளை ஒப்பிட்டோரும், பின்னர் மரபணுக்களை ஒப்பிட்டோரும் இம்முடிவுக்கே வந்துள்ளனர். யானையின் தந்தம் நீண்ட வெட்டுப்பல்லே. ஆண் கடற்பசுவின் சிறு தந்தமும் அத்தகையதே. யானைக்கும் கடற்பசுவுக்கும் பால்மடி முன்னங்கால்களின் அருகே, மார்புப் பகுதியில் உள்ளது.

நிலத்தில் வாழ்ந்ததற்கான சான்றுகளை அதன் உடல் இன்றும் சுமந்து திரிகிறது. துடுப்பை அறுத்து நோக்கினால் உள்ளே ஐந்து விரல்களின் எலும்புகள் உள்ளன. பின்னங்கால் இல்லை, ஆயின் அதனைத் தாங்கியிருந்த இடுப்பெலும்பின் மிச்சம் தசையுட் புதைந்து கிடக்கிறது. கழுத்தெலும்புகள் ஏழு, மனிதருக்கும் ஏழு, ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு. மீன் தன் வாலைப் பக்கவாட்டில் வீசி நீந்தும். கடற்பசு மேலும் கீழும் அசைத்து நீந்தும். ஓடுகின்ற நாயின் முதுகு வளைந்து நிமிர்வதை நோக்குக. முதுகெலும்பு மேலும் கீழும் வளைவது நிலத்தில் ஓடிய பாலூட்டிகளின் வழக்கம். கடலிற் புகுந்தபின்னும் அவ்வழக்கம் மாறவில்லை.

இடைப்பட்ட வடிவம் எங்கே என்று கேட்போர்க்கும் விடை உண்டு. ஜமேய்க்காத் தீவிலே தோண்டி எடுக்கப்பட்டு, 2001-ஆம் ஆண்டில் டாம்னிங் என்னும் அறிஞரால் விவரிக்கப்பட்ட ‘பெசோசைரன்’ என்ற பிராணியின் எலும்புகள் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழைமையுடையன. அதற்கு நிலத்தில் நின்று நடக்கவல்ல நான்கு கால்கள் இருந்தன. ஆயினும் அதன் விலா எலும்புகள், நீருள் அமிழ்ந்திருக்க உதவும் பாரமாக, இக்காலக் கடற்பசுவினுடையவைபோலத் தடித்திருந்தன. நம் நாட்டிலும் குஜராத் மாநிலத்துக் கச்சுப் பகுதியில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட கடற்பசு இனங்களின் எலும்புப் படிவங்கள் கிடைத்துள்ளன.

இவ்விடத்தில் எங்கள் பழைய பிழையொன்று வெளிப்பட்டது. “நீந்த விரும்பியதால் அதன் கால்கள் துடுப்பாயின” என்று நாங்கள் வாக்கியம் அமைத்தோம். ஆசிரியர் அதனை ஏற்கவில்லை. விருப்பத்தால் உடல் மாறுமாயின் எங்களுட் குட்டையானவர் ஒருவரும் இரார் என்றார். டார்வினும் வாலஸும் 1858-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வாயிலாக வெளியிட்ட கருத்தும், டார்வின் 1859-இல் நூலாக விரித்ததும் வேறு. ஒரு தாயின் பிள்ளைகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவ்வேறுபாடுகளுட் சில பெற்றோரிடமிருந்து பிள்ளைகட்கு இறங்குவன. பிறப்பன பல, பிழைத்து ஈனுவன சில. சதுப்புநிலத்தில் மேய்ந்த கூட்டத்துள், நீரிற் சற்றே எளிதாக இயங்கிய உடலமைப்புடையவை சற்றே மிகுதியாகக் குட்டி ஈன்றன. ஒரு தலைமுறையில் அவ்வேற்றுமை கண்ணுக்குத் தெரியாது. இலட்சக்கணக்கான தலைமுறைகளில் கால் துடுப்பாகும். எந்த ஓர் உயிரும் தன் வாழ்நாளில் வேறோர் உயிராக மாறுவதில்லை, மாறுவது குலமே.

பேருந்திற் பேசாது விட்ட பேச்சும் இங்கே முடிவுற்றது. திருவாசகம் கூறுவது ஓர் ஆன்மா பிறவிதோறும் எடுத்து இளைத்த உடல்களை. டார்வின் கூறியது, ஆன்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், உடல்களின் வழித்தோன்றல் முறையை. இரண்டும் புல்லையும் விலங்கையும் மனிதனையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுவதால் ஒன்றெனத் தோன்றுகின்றன. ஒன்றை மற்றொன்றாகக் கூறுவது இரண்டுக்குமே பெருமையன்று.

எங்களுள் வேறொருவர்க்கு வேறோர் இடர் நேர்ந்தது. அவர் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைக் கேட்டு வளர்ந்தவர். “பெரியவர் ஆண்டவன் ஏன் இவ்வாறு செய்தான் என்று கேட்டார். யானையின் உறவு என்று விடை கூறினால், ஆண்டவனையே விடையிலிருந்து நீக்கியவராக மாட்டோமா?” என்று அவர் மனம் வருந்திக் கேட்டார். ஆசிரியர் அவரை நகையாடவில்லை. எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஆராய்வதே அறிவியலின் தொழில் என்றும், எதன்பொருட்டு என்பதைக் கூற அது முன்வருவதில்லை என்றும் சொன்னார். அமெரிக்காவிலே டார்வினுக்கு முதன்மையான துணையாக நின்ற தாவரவியற் பேராசிரியர் ஏசா கிரே உறுதியான கிறிஸ்தவராகவே வாழ்ந்தார் என்பதையும் எடுத்துக் காட்டினார். அந்நண்பரின் ஐயம் முற்றும் நீங்கிற்று என்று நாங்கள் எழுதமாட்டோம். ஆயினும் எலும்புகளைப் பற்றிய செய்தியை மறைத்துக்கொண்டு ஐயத்தைத் தீர்த்துக்கொள்வதில்லை என்று அவர் முடிவு செய்தார். அது நேர்மையென்று எங்களுக்குப் பட்டது.

இனி, முதியவரின் வினாவுக்கு வருவோம். நுரையீரலோடு நிலத்தில் வாழ்ந்த குலம் நீருட் புகுந்தது. அங்ஙனமாயின் மீண்டும் செவுளைப் பெறாதது ஏன்? பரிணாமம் வெற்றிடத்திற் புது மனை எழுப்பும் கொத்தனார் அன்று. குடியிருக்கும் வீட்டிலேயே குடும்பத்தை வைத்துக்கொண்டு சுவரைத் தள்ளியும் சாளரத்தை அடைத்தும் மாற்றுகிற கொத்தனார். ஒரு நாளாயினும் வீட்டை முழுதும் இடித்துப்போட இயலாது. ஏனெனில் ஒவ்வொரு தலைமுறையும் உயிரோடிருந்து ஈன்றாக வேண்டும். பாலூட்டியின் வெப்பமான குருதிக்கு வேண்டிய பிராணவாயு மிகுதி. நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவோ காற்றில் உள்ளதை நோக்க மிகக் குறைவு. ஆகவே நுரையீரலை விட்டுச் செவுளை நாடும் பாதி வழியில் நின்ற எந்த உயிரும் பிழைத்திராது. இருந்த நுரையீரலே நீண்டது. நாசித்துளை முகத்தின் மேற்பக்கம் ஏறியது. மூழ்கும்போது அடைபடும் மூடியும் பெற்றது. கடற்பசு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்கட்கு ஒருமுறை மேலெழுகிறது. பத்து நிமிடங்கட்கு மேல் மூச்சடக்குவது அரிது. மாலையில் விரித்துக் காலையில் இழுக்கும் வலையிற் சிக்கினால் அதன் முடிவு யாதென்று கூறவேண்டுவதில்லை.

இவ்வளவோடு விடை முடிந்தது என்று எண்ணினோம். ஆசிரியர், “நுரையீரல் அது மூச்சடைத்து இறந்ததன் காரணத்தைக் கூறுகிறது. அது வலை விரித்த இடத்துக்கு வந்ததன் காரணம் என்ன?” என்றார். மற்ற அதிகாரத்தையும் திறக்கவேண்டியதாயிற்று.

மீமிசலில் நாங்கள் உண்ட உணவையே எடுத்துக்கொள்வோம். சோற்றில் உள்ளது மாவுப்பொருள். அதனை வாயிலுள்ள உமிழ்நீரின் நொதி உடைக்கத் தொடங்குகிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது அதனாலேயே. மீனிலுள்ள புரதம் இரைப்பையின் அமிலத்திலும் பெப்சின் என்னும் நொதியிலும் சிதைகிறது. பின் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலிலே பித்தநீரும் கணையநீரும் கலந்து, மாவு சர்க்கரையாகவும், புரதம் அமினோ அமிலங்களாகவும், எண்ணெய் கொழுப்பமிலங்களாகவும் பிரிந்து, குடலுறிஞ்சிகளின் வழியே குருதியிற் சேர்கின்றன. ஆயின் முருங்கைக்கீரையின் நார் மட்டும் பெரும்பகுதி அப்படியே கடந்து போகிறது.

இஃது ஏன்? கீரையின் நாரிலுள்ள செல்லுலோஸும் சோற்றின் மாவைப்போலக் குளுக்கோஸ் சர்க்கரையால் ஆனதே. மணிகள் ஒன்றே, கோத்த முறை வேறு. அம்முடிச்சை அவிழ்க்கும் நொதி நம்மிடம் இல்லை. வியப்பு யாதெனில், பசுவிடமும் யானையிடமும் கடற்பசுவிடமும் அது இல்லை. அவற்றின் வயிற்றிற் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களே அத்தொழிலைச் செய்கின்றன. இடமும் இரையும் விலங்கினுடையவை. முடிச்சவிழ்க்கும் வேலை நுண்ணுயிரினுடையது. விளையும் கொழுப்பமிலங்கள் இரண்டுக்கும் பங்கு. பசு அந்நுண்ணுயிர்கட்கு இரைப்பையின் முன்னறையில் இடம் கொடுத்து, உண்டதை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அசைபோடுகிறது. யானைக்கு முன்னறை இல்லை. அது பின்குடலிலேயே அவற்றுக்கு இடம் கொடுக்கிறது. கடற்பசுவும் அவ்வாறே. அதன் பெருங்குடல் 25 மீட்டர் வரை நீளக்கூடும். நம்முடையதோ ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். உண்ட புல் அதன் உடலைக் கடந்து வெளிவரக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகிறது. பெயராற் பசு, வயிற்றால் யானை. குதிரைக்கும் பின்குடலே நுண்ணுயிரின் இருப்பிடமாதலால், இஃதொன்றே உறவுக்குச் சான்றாகாது. ஆயினும் எலும்பு கூறிய உறவுக்கு வயிறு மாறுபடவில்லை என்பது தெளிவு.

இத்தகைய வயிற்றை நிரப்ப நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோகிராம் வரை பசும்புல் வேண்டும். கடற்புல்லுக்கோ வெயில் வேண்டும். வெயில் எட்டும் ஆழமற்ற கரையோரத்திலேதான் அது வளரும். அதனைக் கடற்பசு கிழங்கோடு பறித்துத் தின்னும்போது மணலிலே நீண்ட தடம் விழுகிறது. உழவுச்சாலைப் போன்றிருக்கும் என்று முதியவர் கூறியது நினைவுக்கு வந்தது. மீன்களும் இறால்களும் குஞ்சு வளர்ப்பது அப்புல்லிலேயே. ஆதலின் மீனவரும் வலையோடு வருவது அவ்விடத்துக்கே. ஆக, வயிறு அதனைக் கரையோரம் இழுக்கிறது. நுரையீரல் அதனை மேலே இழுக்கிறது. வலை இரண்டிற்கும் நடுவே நிற்கிறது. பரிணாமம் ஓர் அதிகாரம், ஜீரணம் மற்றோர் அதிகாரம் என்று நாங்கள் பிரித்து வைத்திருந்தோம். அந்தத் தாய்க்கு இரண்டும் ஒரே இரவில் வந்து சேர்ந்தன.

ஒரு சாவு எவ்வளவு பெரிது என்பதையும் கணக்கிட்டோம். கடற்பசு 70 ஆண்டுகள் வரை வாழக்கூடும். ஆயினும் 13 அல்லது 14 மாதம் சுமந்து ஒரே கன்றை ஈனும். அடுத்த ஈற்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை செல்லும். வடபசிபிக் கடலில் வாழ்ந்த ஸ்டெல்லர் கடற்பசு இதன் பேரளவான உறவினம். அதனை அறிவியலாளர் முதன்முதற் கண்டது 1741-இல். வேட்டையால் அது அடியோடு அழிந்தது 1768-க்குள். இருபத்தேழே ஆண்டுகள். நம் கடல்களிற் கடற்பசு இன்று மன்னார் வளைகுடாவிலும் பாக்கு விரிகுடாவிலும் கச்சு வளைகுடாவிலும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளிலும் மட்டுமே எஞ்சியுள்ளது. எல்லாம் சேர்ந்தும் சில நூறே இருக்கும் என்று ஆராய்ந்தோர் மதிப்பிடுகின்றனர். தமிழ்நாட்டு அரசு 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டிய பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பை நாட்டின் முதலாவது கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையிற் சிக்கிய கடற்பசுவை உயிரோடு விடுவித்த மீனவர்க்கு வனத்துறையினர் ஊக்கத்தொகை அளித்துப் பாராட்டியும் வருகின்றனர்.

பங்குனித் திங்களில் மீண்டும் மீமிசல் சென்றோம். முதியவர் அதே படகின் நிழலில் இருந்தார். எங்கள் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, எங்களாற் கூடிய எளிய சொற்களில் விடையைக் கூறினோம். யானையின் உறவு என்றபோது வியந்தார். துடுப்பினுள் ஐந்து விரல் என்றபோது, “ஆம், கண்டிருக்கிறேன்” என்றார். அன்று வெட்டிப் பங்கிட்டபோது கண்டிருக்கிறார். அதன் பொருள்தான் அவருக்குக் கூறப்படவில்லை. முழுதும் கேட்டபின் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “எங்கள் தெருப் பிள்ளைகள் பிழைப்புக்குக் கடல் கடந்து போயிருக்கிறார்கள். எத்தனை ஆண்டு அங்கே இருந்தாலும் இடையிடையே ஊருக்கு ஒரு முறை வந்து போனால்தான் அவர்களுக்கு மூச்சு வரும். இதுவும் அப்படிப் போன பிள்ளைதான்” என்றார்.

நாங்கள் ஒரு மாதம் நூலகத்திற் கற்றதனை இதனினும் சுருங்கக் கூற எங்களால் இயலாது.

விடைபெறும் வேளையில் எங்களுள் ஒருவர், தாழைமேட்டின்மேல் இரவுவலை விரிக்கலாகாது என்று அறிவுரை கூற முற்பட்டார். முதியவர் அவரைத் தடுக்காமற் கேட்டுவிட்டு, “அந்தக் காலையிலிருந்து நான் விரித்ததில்லை, தம்பி” என்றார். நாங்கள் நாணித் தலை கவிழ்ந்தோம். நூலறிவு இல்லாமலே அவர் செய்யவேண்டியதைச் செய்து நாற்பது ஆண்டு ஆகிவிட்டது. அவருக்கு வேண்டியிருந்தது அறிவுரை அன்று. அந்தச் சாவுக்கு ஒரு காரணம். இனி வலை விரிக்கப்போகும் இளைஞர்க்குத் தாம் அதனைச் சொல்லமுடியும் என்றார்.

கல்லூரியில் இவ்வாண்டும் பரிணாமம் முதற் பருவத்திலும் ஜீரணம் இரண்டாம் பருவத்திலும் நடைபெறும். எமக்குப்பின் அவ்வகுப்பில் அமரப்போகும் இளைய மாணவர்க்கு ஒரே ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறோம். விடையை எழுதி முடித்தபின், மீமிசற் கரையில் இருந்து ஒருவர் “அது பெயர், தம்பி, காரணம் எங்கே?” என்று கேட்பதாக எண்ணிக்கொண்டு, அவ்விடையை மற்றும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.